வண்டியின் காது

தாமரைச்செல்வி சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. நைனார்மண்டபத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அது நல்ல பேரா கெட்ட பேரா என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது. அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் புருஷன் மதிவாணனுக்கு முன்னால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாயை விட்டுவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள என் வண்டிய டோனி அண்ணன் சரி பண்ணலன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். திங்கக்கெழம காலையில பக்கிரிய வந்து இழுத்துகினு போவச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என்ன செய்வது, சொன்னது சொன்னதுதான்.

பக்கிரி பழைய வண்டிகளை வாங்கி உடைக்கிறவர். கதவு தனி, கண்ணாடி தனி, தகரம் தனி என்று பிரித்து விற்பார். அந்த மனுஷனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. சொந்தக் காலில் ஓடுகிற வண்டியில் சுத்தியல் வைக்க மாட்டார். வைத்தால் கைக்கு ஆகாது என்பார். ஒரு தடவை மனசு கேட்காமல் வைத்து, கட்டைவிரல் நசுங்கி நகம் போனதாகவும் கதை உண்டு. அதனால் மதிவாணன் அவரிடம் விவரமாகவே சொல்லிவிட்டு வந்திருந்தான், வண்டி செத்துவிட்டது, கூடு மட்டும்தான் இருக்கிறது என்று. வண்டி தாமரையின் பேரில் இருந்ததால் அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வண்டி என்றால் பழைய டீசல் கார். மஞ்சள் போர்டு, ஓட்டுகிறவள் தாமரையேதான். செய்த கம்பெனியே அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் நிறம் வெள்ளை என்று இருக்கிறது, கடல் காற்றும் வெயிலும் சேர்ந்து அதை நீர்மோர் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன. ஆனால் உழைப்பில் சும்மா சொல்லக் கூடாது. மழையோ பனியோ, விடியும்போது தவளக்குப்பம் சந்திப்பில் போய் நின்றுவிடும். அங்கே சின்னப்பாப்பாவும் அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் மல்லி, கனகாம்பரம், சாமந்தி என்று ஈரத்துணியில் கட்டிய மூட்டைகளோடு காத்திருப்பார்கள். டிக்கியில் மூட்டை, மடியில் மூட்டை, காலடியில் மூட்டை. பெரிய மார்க்கெட்டில் முதல் வியாபாரத்துக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் கத்துவான். தாமரையின் வண்டியில் யாரும் அவர்களைப் பார்த்துக் கத்துவதில்லை. கத்துகிற வேலையைத் தாமரையே பார்த்துக்கொள்வாள், அதுவும் ரோட்டில் குறுக்கே வருகிறவனைப் பார்த்து.

வண்டிக்கு முன்னால் அவள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பாத்ரூம் போக டோக்கன் வேண்டும். ஒரு லைனுக்கு ஒரே டோக்கன். போனவள் திரும்பி வந்து அதைக் கையில் கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி போனால் மறுபடி அந்த டோக்கன்தான். அதே தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை செய்கிற மதிவாணன், அவளுடைய பழைய சூப்பர்வைசரிடம் அவளுக்கு வேலை கேட்டுச் சொல்லியும் வைத்துவிட்டான்.

அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. மில் மூடிய பிறகு இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று கேட்டு வாசலிலேயே அப்பா காலத்தைக் கழித்ததைப் பார்த்தவன். செத்ததைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது என்பது அவன் கட்சி. மில்லை நம்பி உட்கார்ந்த மாதிரி இதையும் நம்பி உட்காராதே என்று அவன் சொன்னபோது, அதில் கரிசனமும் இருக்கத்தான் செய்தது. அதனால்தான் தாமரைக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

வண்டி படுத்தது ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில். அரியாங்குப்பம் பாலம் ஏறும்போது மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், மிதிக்கிற மிதி எதையும் வண்டி காதில் வாங்கவில்லை. இன்ஜின் நிற்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பாலத்தில் நடந்துபோகிற ஆள் வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார். பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கித் தள்ளட்டுமா என்று சின்னப்பாப்பா கேட்டாள். மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது முதல் வியாபாரம் முடிந்து, மல்லி வாங்க வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

பூக்காரப் பெண்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாமரைக்குத் தேவலையாக இருந்திருக்கும். லோடு ஆட்டோக்காரன் ஒருத்தன் நடையாய் நடக்கிறான், திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம், அதற்கு மேல் எங்களையும் தப்பாக நினைக்காதே என்று சின்னப்பாப்பா நயமாகத்தான் சொன்னாள்.

டோனியின் ஒர்க்‌ஷாப் முருங்கப்பாக்கத்தில் இருக்கிறது. தாமரைக்கு வண்டி வாங்கித் தந்ததே அவன்தான். அவனிடம் ஒரு பெரிய ஸ்கேனர் உண்டு. ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், எல்லா வண்டியிலும் ஒரு பிளக் வாய் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரோடு பேசி, என்ன கோளாறு என்பதை நம்பராகக் காட்டும். டோனியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அண்ணன் பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ ஊரில் கராஜில் வேலை செய்கிறான். ஸ்கேனர் அவன் அனுப்பியது. திரையில் வருவதெல்லாம் பிரெஞ்சு. 'பிரெஞ்சு மெஷின்' என்று அதற்கு ஊரில் ஒரு மவுசு. டோனிக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு போன்ழூர், ஒரு மெர்சி, அப்பா திட்டின இரண்டு கெட்ட வார்த்தை. அதனால் வேலைக்கு ஒரு குறையும் வந்ததில்லை. கோளாறு நம்பர் எந்த பாஷையிலும் நம்பர்தானே. அதை போனில் போட்டுப் பார்த்துக்கொள்வான்.

தாமரையின் வண்டியில் நம்பரே வரவில்லை. செருகினால் மெஷினில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நாலு வரி எழுதிக்காட்டி நின்றுகொண்டது. டோனி சாவியைப் போட்டு எடுத்துப் பார்த்தான். பேட்டரியைப் பார்த்தான். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றினான். அதே மெஷினை வாசலில் நின்ற வேறொரு காரில் செருகினான், அது மடமடவென்று பேசியது. தவளக்குப்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற கண்ணையனின் மெஷினை இரவல் வாங்கி வந்து தாமரையின் வண்டியில் செருகினான். அதற்கும் வண்டி வாயைத் திறக்கவில்லை. டோனி கையைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் போய்விட்டது, இந்த மாடலுக்குப் புதுசு கிடைக்காது, பழசு போட்டாலும் ஒத்துக்கொள்ளாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

தாமரை விடவில்லை. கம்ப்யூட்டர் செத்திருந்தால் சாவி போட்டதும் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். டோனி தலையைச் சொறிந்தான். ஓட்டுகிற பாகம் இருக்கிறது, பேசுகிற பாகம் போய்விட்டது என்றான்.

"பேசாதவங்கள எல்லாம் செத்தவங்கன்னு பொதச்சிடுவீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, உருட்டி உருட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்றைக்கு ராத்திரிதான் அந்தத் தட்டைத் தள்ளி வைத்த சபதம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை. தாமரை வண்டியை எடுத்துக்கொண்டு நத்தையாக ஊர்ந்து முருங்கப்பாக்கம் போய், மூடியிருந்த ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். டோனியும் அவன் மனைவி சிந்தியாவும் மாதா கோயிலில் பூசை முடிந்து ஸ்கூட்டரில் வந்தார்கள். டோனி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனது.

"ஞாயித்துக்கெழம கூட பொணத்த எடுத்துகினு வந்துட்டியா தாமர?"

"பொணம் தானா ஓடிதாண்ணே வந்துச்சி. யாரும் தூக்கிகினு வரல."

சிந்தியா சிரித்துவிட்டாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லித் தருகிறவள். மழையில் எவ்வளவு நேரமாய் உட்கார்ந்திருக்கிறீர்கள் அக்கா என்று கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்கட்டுத்தான் வீடு. வடகம் தாளித்த மீன் குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று தட்டு வைத்தாள். தாமரை வஞ்சிரத் துண்டைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, தான் விட்ட சபதத்தைச் சொன்னாள். டோக்கன் கதையையும் சொன்னாள். இருக்கிற எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், பொழுது சாய்கிறவரைக்கும் பாருங்கள், அப்புறம் நான் உங்கள் பக்கமே வரமாட்டேன் என்று டோனியிடம் கேட்டாள். கெஞ்சலாக இல்லை, அதட்டலாகத்தான் இருந்தது. டோனி வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு அழுக்கு பனியனைப் போட்டுக்கொண்டான்.

மறுபடி சாவி, பேட்டரி, ஃப்யூஸ். மறுபடி மெஷினில் விளக்கு எரிந்தது, சுற்றியது, நாலு வரியைக் காட்டி நின்றது.

"பார்த்தியா. கனெக்‌ஷன் இல்லைன்னுது" என்றான் டோனி.

தாமரை எட்டித் திரையைப் பார்த்தாள். "நீங்க சொல்றது ரெண்டு வார்த்த. அது நாலு வரி எழுதியிருக்குதே. மீதி எல்லாம் இன்னா?"

"அது சும்மா, கம்பெனிக்காரன் எழுதறது."

"சும்மா எழுதறதுக்கு அவனுக்கு இன்னா வேண்டுதல? சிந்தியா, இங்க கொஞ்சம் வாம்மா. இத முழுசா படி."

டோனி மெஷினைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் திரையை அவன் சிந்தியாவிடம் காட்டியதே இல்லை. பட்டாளத்துக்காரர் மகன், பெண்டாட்டியிடம் போய் எழுத்துக் கூட்டச் சொல்வானா? சிந்தியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். முதலில் பிரெஞ்சில் மளமளவென்று படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"கொம்முனிகாசியோன் இல்லன்னு மொத வரி, தொடர்பு இல்லன்னு அர்த்தம். சாவி போட்டிருக்கான்னு பாருன்னு ரெண்டாவது. மூணாவது ஃப்யூஸ பாரு. கடைசியில, ப்ரீஸ பாருன்னு போட்டிருக்கு. ப்ரீஸ்னா பிளக் சொருவுற வாய். அதுல பின்னு எல்லாம் அழுக்கா இருக்கா, வளைஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுது."

டோனியின் கண் ஸ்டீரிங்குக்குக் கீழே போனது. இத்தனை நாளும் அந்த வாயில் மெஷினைச் செருகியவர்கள் எல்லாம் கையால் தடவிச் செருகினார்களே ஒழிய, குனிந்து அதற்குள் பார்த்தவர் ஒருவரும் இல்லை. விளக்கு எரிந்தது, அதனால் வாய் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

டோனி வண்டிக்குள் மல்லாந்து படுத்துத் தலையை ஸ்டீரிங்குக்குக் கீழே விட்டு போன் வெளிச்சத்தை அடித்தான். அதற்குள் மதிவாணன் ரெயின்கோட்டோடு வந்து பைக்கை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டான். டோனி விரலை உள்ளே விட்டு எதையோ சுரண்டி எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

"தாமர. இது இன்னா?"

நகத்தில் மஞ்சளாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் சிவப்பு. தாமரைக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. சந்தனம். அதன்மேல் வைத்த குங்குமம்.

போன மாதம்தான் ஆயுத பூஜை போனது. வருஷா வருஷம் அன்றைக்கு அவள் வண்டியைக் கழுவித் துடைத்து, ஸ்டீரிங், கியர், மீட்டர், நாலு சக்கரம், டிக்கிப் பூட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பாள். அந்தப் பிளக் வாய்க்கு மட்டும் தனி கவனிப்பு. ஒரு விரல் நிறையச் சந்தனம் எடுத்து, உள்ளே படும்படி அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமம். வெளியே தெரிகிற பாகத்தை எல்லாரும் துடைக்கிறார்கள், மூலையில் கிடந்து உழைக்கிறதை யார் பார்க்கிறார்கள் என்பது அவள் எண்ணம். வண்டி வாங்கின புதிதில் மெஷின் மாட்டியதோடு சரி, அப்புறம் அதற்கு வேலையே வரவில்லை. சந்தனம் மட்டும் வருஷம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

டோனிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "ஃப்யூஸ் மாத்தி, பேட்டரி பார்த்து, கண்ணையன் கால்ல போயி விழுந்து மெஷின் வாங்கியாந்து, மூளைய கசக்கிகினு கெடக்கறேன். நீ உள்ள சந்தனத்த அப்பி வெச்சிருக்கற. கரண்டு வர்ற பின்னு தப்பிச்சிகினு எரியுது. பேசற பின்னு சந்தனத்துல முழுகிக் கெடக்குது."

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க" என்றாள் தாமரை. "வண்டி வாங்கித் தந்த அன்னைக்கி, இதான் வண்டியோட காது, இது வழியாத்தான் மெஷின் பேசும், இத பத்திரமா பார்த்துக்கன்னு."

டோனி அப்படிச் சொன்னது உண்மைதான்.

மதிவாணன் சும்மா இருக்கவில்லை. கும்பிடுகிறேன் கும்பிடுகிறேன் என்று நீயே அதை முடித்துவிட்டாய் என்றான். தாமரைக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஊரில் இருக்கிற ஒர்க்‌ஷாப்காரனை எல்லாம் கேள்வி கேட்டாளே, கடைசியில் குற்றவாளி அவள்தானா? ஆனால் அழுதால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பூசனது நான்தான். இல்லைன்னு சொல்லல. சொரண்டறதும் நான்தான். நவுருங்க."

டோனி பேட்டரி வயரைக் கழற்றிவிட்டான். தாமரை வளையலில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிப் பிரித்தாள். பின் வளைந்தால் மெஷின் சாகிறவரைக்கும் பேசாது, பார்த்துச் செய் என்று டோனி பக்கத்திலேயே குந்திக்கொண்டு வெளிச்சம் பிடித்தான். இந்த வருஷத்துச் சந்தனம் லேசாக உதிர்ந்தது. போன வருஷத்தது காரையாகப் பெயர்ந்தது. அதற்கும் அடியில் உப்புக்காற்றில் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. சிந்தியா பழைய டூத் பிரஷ் கொண்டுவந்து கொடுத்தாள். டோனி ஸ்ப்ரே அடித்தான், தாமரை தேய்த்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, கண்ணில் சந்தனத் தூள் விழுந்தது. மதிவாணன் கேட்டருகில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டு, மேகத்துக்கடியில் பொழுது கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

பேட்டரியை மாட்டி மெஷினைச் செருகினார்கள். சுற்றியது. அதே நாலு வரி.

தாமரை ஒன்றும் சொல்லாமல் மெஷினைப் பிடுங்கிவிட்டு மறுபடி படுத்தாள். டோனி மறுபடி பேட்டரியைக் கழற்றினான். ஓரத்துப் பின்னில் அரிசிமுனை அளவுக்கு இன்னும் பச்சை இருந்தது. அதையும் எடுத்தாள். மறுபடி செருகினார்கள். மெஷின் சுற்றியது, நின்றது, ஒரு சத்தம் கொடுத்தது. திரையில் ஒரே ஒரு நம்பர் வந்தது.

டோனி அதை போனில் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். ஆக்ஸிலேட்டர் பெடலில் இருக்கிற சென்சார் தேய்ந்துபோயிருக்கிறது. கால் எவ்வளவு மிதிக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, எதற்கு வம்பு என்று மெதுவாக ஓட்டுகிறது. மூளைக்கு ஒன்றும் இல்லை. பெடலை மாற்றினால் ஆயிற்று.

"பெடல் இருக்கா?" என்று மதிவாணன் கேட்டான்.

இல்லை. புதுசு வராது. பழைய சாமான்தான் தேட வேண்டும்.

மதிவாணன் மேற்கே கையைக் காட்டினான். அங்கே வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது. "பொழுது சாஞ்சிடுச்சி தாமர. சரி பண்ணலன்னாதானே கையெழுத்துன்னு சொன்ன. இன்னும் சரியாவல."

டோனியும் சிந்தியாவும் அவனை முறைத்தார்கள். இதெல்லாம் ஒரு பேச்சா என்று சிந்தியா வாய்விட்டே கேட்டாள். தாமரை மட்டும் நிதானமாக ஊக்கை வளையலில் மாட்டிக்கொண்டாள்.

"அவரு சொல்றது சரிதான். சொன்னேன், போட்டுத் தர்றேன். பக்கிரி காலையில வரட்டும். அவரு முன்னாடியே போடறேன்." பிறகு டோனியிடம் போனை வாங்கி பக்கிரியிடம் அவளே பேசினாள். காலையில் வரும்போது, உங்கள் யார்டில் இதே மாடல் உடைத்தது இருந்தால் ஆக்ஸிலேட்டர் பெடலைக் கழற்றிக்கொண்டு வாருங்கள், எனக்கு வேண்டும் என்றாள். உடைக்கப்போகிற வண்டிக்குப் பெடல் எதற்கு என்று பக்கிரி கேட்டிருப்பார் போலிருக்கிறது. "ஒங்களுக்கு விக்கறது தொழிலு. எனக்கு வாங்கறது தேவ. கொண்டாங்க" என்று வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது டோனி ஒரு சத்தியம் கேட்டான். இனிமேல் அந்த வாய்ப் பக்கம் சந்தனத்தைக் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லச் சொன்னான்.

"அத மட்டும் கேக்காதீங்க. வருசா வருசம் வெப்பேன். காதுக்குள்ள வெக்கமாட்டேன், காது மேல வெப்பேன். நீங்க அதுக்கொரு மூடி போட்டுக் குடுங்க."

திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும் முன்பே பக்கிரி இழுவை வண்டியோடு நைனார்மண்டபம் வந்துவிட்டார். தோளில் சங்கிலி, கையில் பழைய பெடல் போட்ட பை. டோனியும் மெஷினோடு வந்திருந்தான். பெடலைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையாக இல்லை. மெஷினைச் செருகி அந்த நம்பரை அழித்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது. தாமரை மிதித்தாள். இன்ஜின் உறுமியது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

பக்கிரி சங்கிலியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. மதிவாணனைப் பார்த்து, செத்துவிட்டது என்றாயே என்றார்.

தாமரை இறங்கி வந்தாள். "பேனா குடுங்க. எங்க போடணும்?"

"இரும்மா. ஓடற வண்டியில நான் சுத்தியல் வெக்கறதில்ல."

"அது ஒங்க கொள்க. நான் சொன்ன சொல்லு இருக்குதே."

பக்கிரி வண்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தார். பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நின்ற இடத்தில் உறுமுவது எல்லாம் ஓட்டம் ஆகாது என்றார். லோடோடு பாலம் ஏற வேண்டும். ஏறினால் எனக்கு உன் கையெழுத்து வேண்டாம், என் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஏறவில்லையென்றால் பாலத்தின் மேலேயே போட்டுக்கொடு. தாமரை சரி என்றாள்.

பக்கிரி முன்சீட்டில் ஏறினார். மதிவாணனையும் ஏறச் சொன்னாள், பின்னால். தவளக்குப்பம் சந்திப்பில் லோடு ஆட்டோக்காரன் ஏற்கெனவே வந்து சின்னப்பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தான். மூட்டை ஒன்று அவன் வண்டியில் ஏறியும் விட்டது. தாமரை ஹாரனை அழுத்திக்கொண்டே போய் நிறுத்தினாள். சின்னப்பாப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏற்றின மூட்டையை இறக்கிக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் சங்கிலியோடு இருக்கிறது யார் என்று கேட்டாள்.

"பொணம் எடுக்க வந்தவரு" என்றாள் தாமரை. "அவரு மடியிலயும் ஒண்ணு வையி."

மல்லி மூட்டை பக்கிரியின் மடியில் ஏறியது. பின்னால் மூன்று பெண்களும் மதிவாணனும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் மடியில் சாமந்தி மூட்டை, அதன்மேல் கனகாம்பரக் கூடை. பேன்ட் வழியாகத் தண்ணீர் சொட்டியது. டிக்கி மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டியின் பின்பக்கம் ரோட்டைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது.

அரியாங்குப்பம் தாண்டிப் பாலம் தெரிந்ததும் பக்கிரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். முன்னால் ஒரு மணல் லாரி. பின்னால் ஒரு பஸ். தாமரைக்குப் பயம்தான், வேறு என்ன. பயந்துகொண்டே கியரை மாற்றினாள், பயந்துகொண்டே மிதித்தாள். கால் சொன்னது வண்டிக்குக் கேட்டது. முதலில் ஒரு முக்கல், அப்புறம் இழுவை. ஏற்றத்தில் மணல் லாரி மூச்சுவாங்கிக்கொண்டிருந்தபோது, தாமரை இண்டிகேட்டர் போட்டு அதை முந்தினாள்.

பாலத்தின் உச்சியில் பக்கிரி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். வைத்துவிட்டு, மடியில் இருந்த மூட்டை சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தாமரை கண்ணாடியில் புருஷனைப் பார்த்தாள். பூவுக்கு நடுவில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சொன்ன சொல்ல நான் காப்பாத்திட்டேன்" என்றாள். "நீங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு சொல்லு குடுத்து வெச்சிருக்கீங்களே, அத இன்னைக்கி ஷிப்டுக்குப் போறப்ப நீங்களே திருப்பி வாங்கிகினு வந்துடுங்க. அப்படியே அந்த டோக்கனையும் தூக்கிப் போடச் சொன்னேன்னு சொல்லுங்க. யாரு சொன்னான்னு கேட்டா எம்பேர சொல்லுங்க."

"சொல்றேன்" என்றான் மதிவாணன்.

சின்னப்பாப்பா அவன் தோளில் ஒட்டியிருந்த சாமந்தி இதழைத் தட்டிவிட்டு, மார்க்கெட்டுக்கு நேரமாகிறது, பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். தாமரை மிதித்தாள்.